கரண்டு காரும் டீசல் காரும் ஊட்டிக்குப் போன கதை

முதல் நாள்: தாம்பரம் – கோவை

காலாண்டு விடுமுறை. விடியற்காலை ஐந்து மணிக்கு வீட்டு வாசலில் இரண்டு வண்டிகள். ஒன்று என்னுடைய நெக்ஸான் மின்சாரக் கார். பச்சை நம்பர் பிளேட், 45 யூனிட் பேட்டரி, வாங்கிப் பத்து மாதம். கம்பெனிக்காரர்கள் கிலோவாட் ஹவர் (kWh) என்று எழுதுவதும் கரண்டு பில்லில் யூனிட் என்று வருவதும் ஒன்றுதான், அதனால் யூனிட் என்றே எழுதுகிறேன். இன்னொன்று சகலையின் 2012 ஸ்விஃப்ட் டீசல். 2 லட்சத்து 38 ஆயிரம் கி.மீ. ஓடியிருக்கிறது. பானட்டைத் திறந்தால் ஃபியட்காரன் கொடுத்த 1.3 லிட்டர் இன்ஜின். ஸ்விஃப்ட், இண்டிகா விஸ்டா, புன்டோ என்று ஒரு காலத்தில் எந்தக் கம்பெனி டீசல் காரைத் திறந்தாலும் இதுதான் உட்கார்ந்திருக்கும். 'நேஷனல் இன்ஜின்' என்று எங்கள் கூட்டத்தில் செல்லப் பெயர்.

"சகலை, மலையில நின்னுட்டா கவலைப்படாதீங்க. டிக்கியில கயிறு வச்சிருக்கேன்" என்றார். என் காரைக் கயிறு கட்டி இழுக்கக் கூடாது, லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும் என்று மேனுவலில் போட்டிருக்கிறது. சொன்னால் இன்னும் சிரிப்பார் என்று சொல்லவில்லை.

கிளம்புவதற்கு முன்னால் என்னைப் பற்றி ஒரு வரி. நான் பெட்ரோல் வாசனையில் வளர்ந்தவன். என் முதல் கார் பழையதாக வாங்கிய ஃபோர்டு ஐகான் 1.6. அதன் ஸ்டியரிங்குக்கு ஈடாக இன்றுவரை இன்னொன்றை நான் பிடித்ததில்லை. அதனால் கரண்டு காரில் போகிறவன் எழுதும் கொள்கை விளக்கமாக இதைப் படிக்க வேண்டாம். மறைமலை நகரில் ஃபோர்டு தொழிற்சாலையைத் தாண்டும்போது இன்றும் தலை தானாக அந்தப் பக்கம் திரும்பியது. 2021இல் மூடப்போவதாக அறிவித்தார்கள், அடுத்த வருடம் கடைசி வண்டி வெளியே வந்தது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் மஹிந்திரா வேர்ல்டு சிட்டி. மஹிந்திராவின் புது மின்சாரக் கார்களை உருவாக்கிய ஆராய்ச்சி மையம் அங்கேதான் இருக்கிறது. ஒரே ஜி.எஸ்.டி. ரோட்டில் போன காலமும் வரும் காலமும் பத்துப் பதினைந்து நிமிட இடைவெளியில்.

பரனூர் டோல் தாண்டியதும் ரோடு காலி. சகலை 100ஐப் பிடித்துக்கொண்டார். நானும் விடவில்லை. தப்பு அங்கேதான்.

உளுந்தூர்பேட்டை, 175 கி.மீ. பேட்டரி 35 சதவீதம். அதாவது 29 யூனிட் போய்விட்டது, யூனிட்டுக்கு ஆறு கி.மீ. மட்டும். தாம்பரத்திலிருந்து அண்ணா நகர் போய் வரும்போது இதே கார் யூனிட்டுக்கு எட்டு, எட்டரை கொடுக்கிறது. டவுனில் அதிகம் ஓடி ஹைவேயில் குறைவாக ஓடும் வண்டி என்பது நம் ஆட்களுக்குத் தலைகீழான விஷயம். காரணம் காற்று. 90இல் போவதைவிட 110இல் போனால் காற்றின் தடை ஒன்றரை மடங்கு. இந்தத் தடை ஸ்விஃப்டுக்கும் உண்டு, ஆனால் அதில் அவ்வளவாகத் தெரியாது. ஏன் தெரியாது என்பதுதான் வேடிக்கை. ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் சக்தி இருக்கிறது. அப்படியானால் என் முழு பேட்டரியும் சேர்ந்து நாலரை லிட்டர் டீசல். ஸ்விஃப்ட் டாங்கில் 42 லிட்டர் பிடிக்கும். சகலை ஒரு பீப்பாயைத் தூக்கிக்கொண்டு போகிறார், நான் ஒரு சொம்பை. அவர் பீப்பாயில் பாதிக்கு மேல் சும்மா சூடாகிப் புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் போகிறது. ஏற்கெனவே அவ்வளவு சிந்துகிற இடத்தில் இன்னும் கொஞ்சம் சிந்தினால் யார் கண்ணில் படும்? என் சொம்பில் ஒரு மடக்கு குறைந்தாலும் தெரிகிறது. நாலரை லிட்டர் எண்ணெய்க்கு ஈடான சக்தியில் நாலு பேரையும் ஏசியையும் சுமந்துகொண்டு 270 கி.மீ. போகிற வண்டி இது. இன்ஜினியராகப் பார்த்தால் கும்பிடத் தோன்றும். பயணியாகப் பார்த்தால் உளுந்தூர்பேட்டையில் நின்றுகொண்டிருக்கிறேன்.

நின்றது எங்கே என்று சொல்ல மாட்டேன். ஒரு ஓட்டல் வாசலில் இரண்டு துப்பாக்கி வைத்த சார்ஜர். ஆமாம், அந்த ஒயரின் முனைக்கு எல்லோரும் 'கன்' என்றுதான் சொல்கிறார்கள். ஒன்றில் 'பழுது' என்று அட்டை தொங்கியது. இன்னொன்றில் வேறொரு கார். அதற்குப் பக்கத்தில், சார்ஜ் போடும் இடத்தில், ஒரு டீசல் வண்டியை நிழலுக்காக நிறுத்திவிட்டு ஓனர் பொங்கல் சாப்பிடப் போயிருந்தார். இருபத்தைந்து நிமிடம் கழித்து முறை வந்தது. ஆப்பைத் திறந்து, வாலட்டில் காசு போட்டு, கன்னைச் சொருகினால் 'தொடர்பு தோல்வி'. மறுபடியும் தோல்வி. மூன்றாவது தடவை கன்னைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்தபடி அழுத்தினேன், டக்கென்று பிடித்தது. என் போனில் இப்படி ஏழு ஆப் இருக்கிறது, ஏழு வாலட், ஒவ்வொன்றிலும் நாற்பது ரூபாய், எழுபது ரூபாய் என்று சில்லறை மாட்டிக்கொண்டு கிடக்கிறது. பெட்ரோல் பங்கில் காசை நீட்டுகிற மாதிரி நீட்டிவிட்டுப் போக ஏன் முடியாது என்று அத்தை கேட்டார். அத்தைக்கு நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை.

82 சதவீதம் ஆனதும் பிடுங்கினேன். 80க்கு மேல் சொட்டுச் சொட்டாகத்தான் ஏறும், பின்னால் இன்னொருவர் வேறு காத்திருந்தார். வரியோடு யூனிட் 22 ரூபாய், மொத்தம் 490. சகலை குடும்பம் பொங்கல், வடை, காபி எல்லாம் முடித்துவிட்டு எப்போதோ போய்விட்டது.

கள்ளக்குறிச்சி, ஆத்தூர் வழியாகச் சேலம். அங்கே இன்னொரு சார்ஜர். அது ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்ததால் அதைப் பற்றி எழுத எதுவும் இல்லை. பவானி தாண்டியதும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நேராக நெற்றியில் அடித்தது. 85க்குக் குறைத்தும் பேட்டரி கரைந்தது. மதியம் இரண்டரைக்குக் கோவை கணபதியில் மாமா வீட்டு வாசலில் நிறுத்தும்போது 22 சதவீதம். சகலை சாப்பிட்டுக் கை கழுவி ஒரு தூக்கமும் போட்டு எழுந்திருந்தார்.

"வாங்க மாப்பிள்ளை, கரண்டு வண்டி மெதுவாத்தேன் வருமாட்டிருக்குது" என்றார் மாமா. என் மனைவிக்குச் சித்தப்பா. முப்பது வருடம் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தவர்.

இன்றைய நாளில் எழுத வேண்டிய விஷயம் இனிமேல்தான். வராந்தாவில் இருந்த 15 ஆம்பியர் பிளக்கில் சார்ஜரைச் சொருகினேன். சிவப்பு விளக்கு. எர்த் சரியில்லை என்றால் இந்த சார்ஜர் கரண்டை எடுக்காது, பிடிவாதக்காரப் பிள்ளை மாதிரி. வேறு பிளக், அங்கேயும் சிவப்பு. சகலைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாமா ஒன்றும் பேசாமல் உள்ளே போய் ஒரு டெஸ்ட் லாம்பை எடுத்துவந்தார். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் வைத்தார், பல்பு பளிச்சென்று எரிந்தது. பேஸுக்கும் எர்த்துக்கும் வைத்தார், மின்மினிப் பூச்சி மாதிரி எரிந்தது. "குழி காஞ்சு போச்சுங்க" என்றார். வீட்டுக்குப் பின்னால், முருங்கை மரத்தடியில் எர்த் குழி. மேல் கல்லை நகர்த்தி இரண்டு கை கல்லுப்பு போட்டு நாலு குடம் தண்ணீர் ஊற்றினார். கால் மணி நேரம் கழித்து மறுபடி லாம்ப் வைத்தார். பல்பு நிமிர்ந்துவிட்டது. சார்ஜரில் பச்சை.

பிறகு அவரே கேட்க ஆரம்பித்தார். "இதுல மோட்டார் சிங்கிள் பேசா, த்ரீ பேசுங்களா?" த்ரீ பேஸ் மாமா. "பேட்டரியில டிசிதானுங்க இருக்கும்?" ஆமாம், நடுவில் இன்வெர்ட்டர் மாற்றிக் கொடுக்கிறது, பெடலை மிதிப்பதைப் பொறுத்து ஃப்ரீக்வென்சி ஏறி இறங்கும். "அப்பறம் என்னங்க, மில்லுல வெக்கிற வி.எஃப்.டி.தானுங்க" என்று முடித்துவிட்டார். ஃப்ரீக்வென்சியை மாற்றி மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி அது. ஷோரூமில் ஒன்றரை மணி நேரம் எனக்கு விளக்கிய பையன் இந்த ஒரு வரியைச் சொல்லியிருக்கலாம்.

இரண்டாம் நாள்: கோவை – ஊட்டி

காலையில் அவினாசி சாலையில் உள்ள ஜி.டி. கார் மியூசியம். குழந்தைகளுக்காக என்று சொல்லிக்கொண்டு போனோம். ஒரு மணி நேரத்தில் குழந்தைகள் வாசலில் ஐஸ்க்ரீம், நானும் சகலையும் உள்ளே. ஜி.டி. நாயுடு 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரே பஸ்ஸை வைத்துக்கொண்டு தொழில் தொடங்கியவர். இந்தியாவில் செய்த முதல் மின் மோட்டார் 1937இல் அவருடைய முயற்சியில் வந்ததும் இதே ஊரில்தான். மாமாவின் டெஸ்ட் லாம்புக்குப் பின்னால் இருக்கும் பரம்பரை இது.

முன்னால் கைப்பிடி செருகிச் சுற்றி ஸ்டார்ட் செய்யும் காலத்து வண்டியைப் பார்த்துவிட்டு சகலை, "அந்தக் காலத்துல எவன் கரண்டு கார் வச்சிருந்தான்" என்றார். வைத்திருந்தார்கள். நூற்று இருபது வருடத்துக்கு முன்னால் அமெரிக்க நகரங்களில் கரண்டு கார் நன்றாகவே ஓடியது. கைப்பிடி சுற்ற வேண்டியதில்லை, புகை இல்லை. 1912இல் கேடிலாக் செல்ஃப் ஸ்டார்ட்டர் வைத்தது, பெட்ரோல் காரில் இருந்த பெரிய தொல்லை போனது, கரண்டு கார் படுத்துவிட்டது. செல்ஃப் ஸ்டார்ட்டர் என்பது என்ன? ஒரு மின் மோட்டார். சொந்தக்காரனே காலை வாரிய கதை.

98 சதவீதத்தில் கிளம்பினோம். மேட்டுப்பாளையத்தில் 87. கல்லாறு சோதனைச்சாவடியில் இ-பாஸைக் காட்டி, அத்தை பையில் இருந்த இரண்டு தண்ணீர் பாட்டிலைப் பறிகொடுத்து, மலை ஏற ஆரம்பித்தோம்.

வீட்டில் எல்லோரும் பயந்தது இந்த 50 கி.மீ.க்குத்தான். நான் நேற்று ராத்திரியே கணக்குப் போட்டுவிட்டேன். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து முந்நூற்றுச் சொச்சம் மீட்டர், ஊட்டி 2,240. சுமார் 1,900 மீட்டர் ஏற்றம். ஆட்களோடும் மூட்டையோடும் வண்டி 1,750 கிலோ. இந்த எடையை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் 9 யூனிட். உருளவும், காற்றைத் தள்ளவும், மோட்டார் வீணாக்கவும் இன்னும் ஐந்தாறு. மொத்தம் 15 யூனிட், பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு. ஊட்டியில் 53 இருக்க வேண்டும்.

பர்லியாறு தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள். சகலை முன்னால், நான் பின்னால். ஒவ்வொரு வளைவிலும் என்ன நடந்தது என்று பக்கத்தில் இருந்து பார்த்தேன். வளைவுக்குள் நுழையும்போது ஸ்விஃப்ட் இரண்டாம் கியரில் மெதுவாகிறது. இன்ஜின் சுற்று நிமிடத்துக்கு 1,800க்குக் கீழே விழுகிறது. அந்த இன்ஜினுக்கு அங்கே உயிர் கிடையாது, உள்ளே காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ இன்னும் விழிக்கவில்லை. ஒரு நொடி வண்டி முனகுகிறது. சகலை முதல் கியருக்கு இறங்குகிறார், ஒரு குலுக்கல், ஒரு கரும்புகை, பிறகு 2,000ஐத் தொட்டதும் பின்னாலிருந்து யாரோ தள்ளியது போலப் பாய்கிறது. பாய்ந்த அடுத்த நிமிடம் அடுத்த வளைவு. அத்தனை வளைவிலும் இதே கதை. ஓட்டத் தெரிந்தவர் என்பதால் நிற்காமல் போனார். எதிரே பஸ் வந்து பாதி வளைவில் நிறுத்த நேர்ந்தபோது மட்டும் ஹேண்ட் பிரேக், கிளட்ச், ஆக்ஸிலரேட்டர் மூன்றையும் வைத்து ஒரு சர்க்கஸ் காட்டினார். கிளட்ச் வாசனை என் ஏசி வரைக்கும் வந்தது.

ஸ்விஃப்டின் டார்க், அதாவது முறுக்குவிசை, 190 நியூட்டன் மீட்டர், என் காரில் 215. காகிதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஸ்விஃப்டில் அந்த 190 வர 2,000 சுற்று வேண்டும், இங்கே வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே முழுசும் இருக்கிறது. கியர் இல்லை, தேட வேண்டியதில்லை. பாதி வளைவில் நிறுத்திவிட்டுக் காலை லேசாக வைத்தால், வீட்டு வாசலில் இருந்து கிளம்புவதுபோலக் கிளம்புகிறது. மேலே போகப் போகக் காற்றில் அடர்த்தி குறையும். டர்போ இல்லாத பெட்ரோல் வண்டிகள் ஊட்டி உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு பலத்தை இழந்துவிடும். மூச்சே விடாத மோட்டாருக்கு அந்தக் கவலையும் இல்லை.

ஒரு குறை சொல்ல வேண்டும். காலை எடுத்ததும் வண்டி தானே பிடித்து மெதுவாகி பேட்டரிக்குக் கரண்டு அனுப்பும் வசதியை, ரீஜென் என்பார்கள், மூன்றாம் நிலையில் வைத்து ஓட்டினேன். எனக்குச் சுகமாக இருந்தது. காட்டேரி வருவதற்குள் அத்தை எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துவிட்டார். "பஸ்ஸுலகூட இப்படி வயித்தப் பொரட்டினது இல்ல மாப்பிள்ளை." முதல் நிலைக்குக் குறைத்து, காலை மெதுவாக எடுத்துப் பழகியதும் சரியானார். ஓட்டுகிறவனுக்குப் பிடித்தது பின் சீட்டில் இருப்பவருக்குப் பிடிக்க வேண்டும் என்று எந்த மேனுவலிலும் இல்லை.

குன்னூரில் டீ. ஸ்டேஷனில் மலை ரயில் கீழே இறங்கத் தயாராக நின்றது. பொன்மலைப் பணிமனையில் செய்த, எண்ணெய் எரித்து ஓடும் நீராவி இன்ஜின். குன்னூருக்கு ரயில் வந்தது 1899இல், ஊட்டிக்கு 1908இல். பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏறுகிற பாதை, நடுவில் பல் தண்டவாளம். இன்ஜின் உஸ்ஸென்று மூச்சு விட்டபோது நானும் சகலையும் டீசல், கரண்டு என்ற பேச்சை விட்டுவிட்டு வாயைப் பிளந்து நின்றோம். சத்தத்துக்குத்தான் மனசு போகிறது, அதை மறைத்து என்ன பயன்.

ஊட்டியில் 54 சதவீதம். கணக்கு ஒரு சதவீதம் தப்பு, நல்ல பக்கம்.

மூன்றாம் நாள்: ஊட்டி, பைக்காரா

குளிர், தூறல், கூட்டம். ஏரிக்குப் போகவில்லை.

லாட்ஜில் சார்ஜ் போடக் கேட்டால் மேனேஜர் 300 ரூபாய் என்றார், பேரம் பேசவில்லை. வாசலில் ஒரு டூரிஸ்ட் வேன் டிரைவர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். "ஒரு சார்ஜுக்கு எவ்ளோ ஓடும் சார்?" பத்து மாதத்தில் இந்தக் கேள்வியை எண்ணி மாளவில்லை. முன்பெல்லாம் 'மைலேஜ் எவ்ளோ தரும்' என்று கேட்பார்கள். வண்டி மாறியது, கேள்வி மாறவில்லை. அவர் கவலை வேறு. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பதால் தன் சொந்தக் காருக்கு மைலேஜ் குறைந்துவிட்டது என்றார். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, அதனால் குறையத்தான் செய்யும். ரப்பர் பாகம் எல்லாம் கெட்டுவிடுமா என்று கேட்டார். 2023க்குப் பிறகு வந்த வண்டி என்றால் அதற்கேற்ற பாகங்களோடு வந்திருக்கும், பழசு என்றால் குழாய்களை அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். லிட்டருக்குக் கொடுக்கும் காசு குறையாமல் லிட்டரில் இருக்கும் சக்தி மட்டும் குறைந்தால் கோபம் வருவது நியாயம்தான்.

பைக்காரா போனோம். எல்லோரும் படகுக்கு வரிசையில் நிற்க, நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த ஆற்றுத் தண்ணீரை மலையிலிருந்து கீழே விழவைத்து 1932இல் மின்சாரம் எடுக்க ஆரம்பித்தார்கள். கோவையின் மில்கள் பெருகியதற்குப் பைக்காரா கரண்டு ஒரு முக்கியக் காரணம். நேற்றுப் பார்த்த 1937 மோட்டாருக்கும், மாமாவின் பட்டறைக்கும் ஆரம்பம் இந்தத் தண்ணீர்தான்.

சகலை பின்னால் வந்து, "உங்க காருக்கு வர்ற கரண்டு தண்ணியில வர்றதுன்னு நெனப்பா? நெய்வேலி நிலக்கரி சகலை" என்றார். அவர் சொல்வதில் பாதி உண்மை. அனல் மின்சாரம் இல்லாமல் நமக்கு ராத்திரி ஓடாது, நான் காரைச் சொருகுவதும் ராத்திரியில்தான். ஆனால் அவர் டீசல் எந்தக் காலத்திலும் டீசல்தான். என் கார் என்ன கரண்டு கொடுத்தாலும் ஓடும். கயத்தாறு காற்றோ, பைக்காரா தண்ணீரோ, நெய்வேலிக் கரியோ, அதற்குத் தெரியாது. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. இருவரும் மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டோம்.

சார்ஜை 80இல் நிறுத்தச் சொல்லி ஆப்பில் வைத்துவிட்டுப் படுக்கிறேன். மலை உச்சியில் 100 வரை நிரப்பக் கூடாது. பேட்டரி நிறைந்திருந்தால் இறங்கும்போது வரும் கரண்டுக்கு உள்ளே இடம் இருக்காது, ரீஜென் பிடிக்காது, பிரேக் மட்டும்தான் கதி.

நான்காம் நாள்: ஊட்டி – கோத்தகிரி – கோவை

இன்று வண்டி மாற்றிக்கொண்டோம். யோசனை என்னுடையது. சகலை வேண்டாவெறுப்பாகச் சாவியைக் கொடுத்தார். 13 வருடத்தில் அந்த ஸ்விஃப்டை அவர் தம்பிக்குக்கூடக் கொடுத்ததில்லை.

கோத்தகிரி வரை ஏற்றமும் இறக்கமுமாகத் தேயிலைத் தோட்டங்கள். ஓரிடத்தில் நெக்ஸான் முன்னால் போய் சட்டென்று நின்றது. ரோட்டோரத்தில் காட்டெருமை, தனியாக, ஆள் உயரத்துக்கு. சத்தமில்லாத வண்டி பத்தடி வரை வந்தது அதற்குத் தெரியவே இல்லை. தலையைத் தூக்கிப் பார்த்தது. பின்னால் என் ஸ்விஃப்டின் கடகட சத்தம் கேட்டதும் நிதானமாகத் திரும்பிச் செடிக்குள் இறங்கிப் போனது. மலை வளைவுகளில் கரண்டு கார்க்காரர்கள் ஹாரனை மறக்கக் கூடாது. மனிதர்களும் இன்ஜின் சத்தத்தை நம்பித்தான் ரோட்டைக் கடக்கிறார்கள்.

கோத்தகிரிக்குக் கீழே சரிவு. எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்பது பழைய பாடம். இரண்டாம் கியரில் போட்டேன். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜினுக்கு எண்ணெய் நின்றுவிடும், அது சும்மா சுற்றி வண்டியைப் பிடிக்கும். அதாவது இறங்கும்போது ஸ்விஃப்டுக்கும் செலவு பூஜ்யம்தான், வரவு மட்டும் இல்லை. ஆனாலும் பிடிப்பு போதவில்லை, ஒவ்வொரு வளைவிலும் பிரேக் வேண்டியிருந்தது. பத்தாவது கி.மீ. வாக்கில் சூடான பிரேக் வாசனை. ஓரம் கட்டி, இரும்பு ஆறும்வரை நின்றேன். அந்த ஐந்து நிமிடம் ஏனோ பிடித்திருந்தது. கை கியர் குமிழில் இருந்தது, அதன் தோல் தேய்ந்து சகலையின் உள்ளங்கை வடிவத்துக்கு வந்திருந்தது. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது ஒரு சின்ன இடறல், அதையும் தாண்டினால் வெண்ணெய். பத்து மாதமாக என் இடது கைக்கு வேலையே இல்லாமல் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

மேட்டுப்பாளையம் நெருங்கும்போது போன். மனைவி ஸ்பீக்கரில் போட்டார். "சகலை! 77 இருந்துச்சு கோத்தகிரியில. இப்ப 84! ஏறுது சகலை! மீட்டர் ஏதும் ரிப்பேரா?"

ரிப்பேர் இல்லை. கோத்தகிரியிலிருந்து இறங்கிய 33 கி.மீ.க்கு மூன்று யூனிட் திரும்பி வந்திருக்கிறது. போகும்போது செலவழித்ததெல்லாம் இறங்கும்போது திரும்பி வந்துவிடும் என்று சிலர் பெருமை அடிப்பார்கள், அது பொய். ஏற 15 போனது, இறங்கியதில் கையில் நின்றது மூன்று. ஆனால் இறங்கிய தூரத்துக்குச் செலவில்லாமல், அதற்கு மேல் மூன்று. பாரத்தோடு இறங்கிய வண்டியின் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்புதான். ஸ்விஃப்டின் சக்கரத்தின் பக்கத்தில் கை வைக்க முடியவில்லை.

சகலை சாவியை உடனே கொடுக்கவில்லை. "கோவை வரைக்கும் நானே ஓட்டறேன்" என்றார். அத்தை பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார், எலுமிச்சம்பழம் தேவைப்படவில்லை. சகலை காலுக்கு என்னைவிட நிதானம்.

மாமா வீட்டில் எர்த் குழிக்குப் பக்கத்தில் புதிதாகக் கரியும் உப்பும் போட்ட இரண்டாவது குழி, வராந்தா பிளக்குக்குத் தனி ஒயர். இரண்டு நாளில் செய்து வைத்திருக்கிறார். கரண்டு காசு கொடுத்தால் வாங்கவில்லை. "பம்பு செட்டு ஓட்டுற கணக்குல போகட்டும் போங்க."

ஐந்தாம் நாள்: கோவை – தாம்பரம்

காற்று முதுகில். அதனால் இன்று கொஞ்சம் பரவாயில்லை, யூனிட்டுக்கு ஆறே முக்கால். சேலத்தில் ஒரு தடவை, விழுப்புரத்தில் ஒரு தடவை. உளுந்தூர்பேட்டையில் நிறுத்தவே இல்லை. தாண்டும்போது எட்டிப் பார்த்தேன், 'பழுது' அட்டை அப்படியே தொங்கியது. சகலை எனக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் முன்னால் வீட்டில்.

கணக்கு கேட்பவர்களுக்கு. மொத்தம் 1,190 கி.மீ. எனக்கு ஆனது 2,860 ரூபாய், மாமாவின் இலவசத்தையும் சேர்த்து. ஸ்விஃப்ட் 64 லிட்டர் குடித்தது, 5,900 சொச்சம். பாதிக்குப் பாதி என்று தோன்றும். வழியில் காசு கொடுத்துச் சார்ஜ் போட்ட கி.மீ.யை மட்டும் எடுத்தால் எனக்கு 3 ரூபாய் 60 காசு, அவருக்கு 5 ரூபாய். அந்த ஒன்று நாற்பதுக்கு ஒரு நாளில் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். வீட்டில் பிளக் இருந்து, தினமும் ஊருக்குள் ஐம்பது அறுபது ஓட்டுகிறவர் கண்ணை மூடிக்கொண்டு கரண்டு கார் வாங்கலாம். அபார்ட்மெண்டில் பிளக் கொடுக்க மாட்டோம் என்கிற சங்கத்தில் மாட்டிக்கொண்டவர், மாதம் நாலு தடவை நெடுந்தூரம் போகிறவர், இன்னும் இரண்டு வருடம் பொறுக்கலாம். மலைக்குப் பயந்து வாங்காமல் இருப்பவர்கள் மட்டும் பயப்படுவதை விட்டுவிடலாம். பயப்பட வேண்டியது உளுந்தூர்பேட்டைக்கு.

அடுத்த மாதம் ராமேஸ்வரம் போக வேண்டும். போக மட்டும் 560 கி.மீ., ஏற்றமே இல்லாத ரோடு. சகலையிடம் ஸ்விஃப்டைக் கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.